காணிக்கைப் பெட்டிக்குள் போன கார்டு

14 ஜூலை 2025, திங்கள்

கடையில் ஆடித் தள்ளுபடிக்கு ஆள் குவியத் தொடங்கிவிட்டது. பில் கவுண்டரில் நின்று நின்று கால் வீங்கி வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேசையில் சோற்றுச் சட்டி வைக்க இடமில்லை. என் வீட்டுக்காரர் கிளைட்டன் தன் கிரெடிட் கார்டுகளை வரிசையாகப் பரப்பி, கோடு போட்ட நோட்டும் அடிக்கோலுமாக உட்கார்ந்திருக்கிறார். கப்பலில் டெக் ஆட்களை மேய்க்கிற போசன் வேலை பார்க்கிற மனுஷனைக் கரையில் நாலு மாதம் சும்மா உட்கார வைத்தால் வீட்டையே ஸ்டோர் ரூம் ஆக்கிவிடுவார்.

விஷயம் விளையாட்டில்லை. மாப்பிள்ளையூரணியில் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் வீட்டுக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டாயிற்று. நவம்பர் முப்பதுக்குள் கிரையம் முடிக்க வேண்டும், தவறினால் அட்வான்ஸ் போச்சு. இன்று பேங்கில் லோன் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய கிரெடிட் ஸ்கோர் 641. அவர்களுக்கு 725 வேண்டுமாம்.

"பதினேழு வருசத்துல ஒரு தடவ தேதி பிந்திக் கட்டிருக்கேனாளா?" என்று என்னைக் கேட்டார். பெயிலான மார்க் ஷீட்டைக் கையில் வைத்திருக்கிற பையன் முகம். பிறகு காரணத்தையும் அவரே கண்டுபிடித்துவிட்டார். கார்டு அதிகமாக இருப்பதுதான் குற்றமாம். ஐந்தில் இரண்டையாவது மூட வேண்டுமாம்.

மேசையில் நாலுதான் இருந்தது. பெட்ரோல் கார்டு, சம்பள பேங்க் கார்டு, ஷாப்பிங் ஆப் கார்டு, பம்பாய் ஏர்போர்ட்டில் ஒரு பெட்டியை இலவசமாகக் கொடுத்துத் தலையில் கட்டிய கார்டு.

"பழசு அலமாரி லாக்கர்ல பத்திரமா இருக்குல்லா?"

இருக்கு என்றேன். இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

15 ஜூலை, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

2023-ல் அவருடைய கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. முதலாளி கைவிட்டுவிட்டான். சம்பளம் இல்லை, இறங்கவும் விடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும். "நல்லாருக்கேன்" என்பார். குரலைக் கேட்டால் நல்லா இருக்கிற குரலா அது?

அந்த வருஷம் தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனன்று கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்தேன். தவக்காலம் நாற்பது நாளுக்கு எல்லோரும் மீன் சாப்பிடுவதை விடுவார்கள், டிவியை விடுவார்கள். எனக்கு அதெல்லாம் போதாது என்று பட்டது. மாதாவே, இந்த மனுஷன் கரை வந்து சேருகிற வரை கார்டைத் தொட மாட்டேன் என்று நேர்ந்தேன். பிறகும் மனசு அடங்கவில்லை. அந்தப் பழைய கார்டை எடுத்து, துணி வெட்டுகிற கத்திரிக்கோலால் நாலு துண்டாக வெட்டி, கோயில் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பெட்டியைத் திறந்து எண்ணியவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று அவர் வந்து இறங்கினார், பத்துக் கிலோ இளைத்து. நேர்ச்சை பலித்தது. கார்டும் ஒழிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ஒரு நாளைக்கு இருநூறு பேர் கார்டை வாங்கித் தேய்க்கிறவள் நான். வெட்டினால் கார்டு செத்துவிடும் என்று நினைத்திருக்கிறேனே, என் புத்தியை என்னவென்று சொல்ல?

17 ஜூலை, வியாழன்

சொல்லவில்லை. இன்றும்.

20 ஜூலை, ஞாயிறு

டேவிட்சன் வந்தான். என் சித்தி மகன், வேறொரு பேங்கில் வேலை. அத்தான் கூப்பிட்டால் பூசை முடிந்த கையோடு ஓடி வந்துவிடுவான், காரணம் பாசம் பாதி, என் நண்டுக் குழம்பு பாதி. கிரெடிட் ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தான்.

முதலில் கார்டு மூடுகிற கதையைத்தான் பேசினான். நான் நினைத்ததற்கு எல்லாம் நேர்மாறு. கார்டு ஐந்து இருப்பது குற்றமே இல்லையாம். எத்தனை வருஷமாக ஒழுங்காக வைத்திருக்கிறோம் என்பதற்கு மதிப்பு உண்டாம், அதனால் வயசான கார்டை அவசரப்பட்டு மூடக்கூடாதாம். லோன் கேட்கிற நேரத்தில் எதையுமே மூடாமல் இருப்பது நல்லதாம். மூடினால் மொத்த லிமிட் குறையும். செலவு அதேதான் இருக்கும். அப்போது நாம் கழுத்து வரைக்கும் கடன் வாங்கியவர் மாதிரி தெரிவோமாம்.

பிறகு பேப்பரைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தான்.

"அத்தான், உங்க ஸ்கோர இழுத்துப் போட்டது இதுதான். 2008-ல வாங்குன கார்டு. வருசக் கட்டணம் ஐந்நூத்தித் தொண்ணூறு ரூவா கட்டல. அது மேல லேட் ஃபீஸ், வட்டி எல்லாம் ஏறி இப்ப பதினஞ்சாயிரத்து எண்ணூறு நிக்கி. இருபத்திரண்டு மாசமா பாக்கி."

வருஷத்துக்கு இவ்வளவு தேய்த்தால் அந்தக் கட்டணம் தள்ளுபடி ஆகும். நான் தேய்த்துக்கொண்டிருந்த வரை ஆனது. வெட்டிய பிறகு யார் தேய்ப்பது? பில் பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கும். மெசேஜ் அவருடைய பழைய நம்பருக்கு. கப்பலிலிருந்து வந்ததும் நம்பர் மாற்றினார், நாலு கார்டுக்கு அவரே போய் மாற்றிக் கொடுத்தார், ஐந்தாவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

கிளைட்டன் சிரித்தார். பேங்க்காரன் தப்புப் பண்ணியிருக்கிறான் என்றார். உபயோகிக்காத கார்டு, லாக்கரில் தூங்குகிறது, அதற்கு எப்படிப் பாக்கி வரும்? டேவிட்சன் என்னைப் பார்த்தான். நான் நண்டு ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

22 ஜூலை, செவ்வாய்

பேங்குக்குப் புகார் எழுதிவிட்டார். ரெண்டு பக்கம். "மேற்படி கார்டு இன்றுவரை என் வசம் பத்திரமாக உள்ளது" என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார். நானும் ரீனாவும் வாசித்துப் பார்த்துத் திருத்த வேண்டுமாம். ரீனா பதினோராம் வகுப்பு, அப்பாவின் எழுத்துப்பிழையைத் திருத்துவதில் தனி சந்தோஷம் அவளுக்கு. கார்டைப் படமெடுத்துக் கடிதத்தோடு வைக்க வேண்டும், லாக்கர் சாவி எங்கே என்று கேட்டார்.

கடை மேசையில் மறந்துவிட்டேன் என்றேன். சாவி என் கழுத்துச் செயினில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, ரவிக்கைக்குள்.

ஏன் சொல்ல வாய் வரவில்லை? அவர் அடிக்கிற ஆளும் இல்லை, திட்டுகிற ஆளும் இல்லை. அதுதான் கஷ்டமே. ஒழுங்காகக் கட்டுகிறவன் என்கிற ஒரே பெருமைதான் அந்த மனுஷனுக்கு. அதையும் நான் வெட்டிப் போட்டுட்டேனே. வீடு கையைவிட்டுப் போனா என் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பேன்?

26 ஜூலை, சனி

மாதா கோயில் கொடியேற்றம். கடையில் அரை நாள் கெஞ்சி வாங்கினேன். கூட்டத்தில் புறா பறந்தது, சைரன் ஊதியது, எல்லோரும் மேலே பார்த்தார்கள். நான் மட்டும் காணிக்கைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கரைந்த பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் நிறுத்தினேன்.

"அந்தக் கார்டு இதுக்குள்ளதான் போட்டேன். நீங்க கப்பல்ல மாட்டிக்கிட்டீங்கள்லா, அப்ப நேர்ந்து வெட்டிப் போட்டேன். லாக்கர்ல ஒண்ணும் இல்ல."

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன துண்டு?"

"நாலு."

தலையை ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

27 ஜூலை, ஞாயிறு

பேசவில்லை. சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். அவர் தட்டைக் கழுவினால் எனக்குப் பயம்.

28 ஜூலை, திங்கள்

காலையில் கடைக்குக் கிளம்பும்போது ஸ்கூட்டரை அவரே வெளியே எடுத்து நிறுத்தினார். புகார்க் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். பீச் ரோட்டில் ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"வெட்டணும்னா ஏர்போர்ட்டு கார்ட வெட்டியிருக்கலாம்லா. அதுக்குத்தான் கட்டணம் அதிகம். ஏன் அந்தக் கார்டு?"

பதில் இவருக்குத் தெரியாதா என்ன! 2008-ல் எங்கள் கடையில் என் கவுண்டருக்கு ஒரு கறுத்த பையன் வந்தான். மூன்று குளியல் துண்டு வாங்கினான். புத்தம்புதுக் கார்டு, ஓரம்கூடத் தேயவில்லை. சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் கோட்டுக்கு வெளியே போட்டான். மறுநாள் மறுபடியும் மூன்று துண்டு. அந்த வாரத்தில் பதினெட்டுத் துண்டு. எந்த வீட்டில் இத்தனை பேர் குளிக்கிறார்கள் என்று நானே கேட்டுவிட்டேன். அந்தத் துண்டுகளில் ரெண்டு இன்னும் எங்கள் வீட்டில் கரித்துணியாக இருக்கிறது.

"மத்தது எல்லாம் உங்க கார்டு. அது ஒண்ணுதான் நம்ம கார்டு. காணிக்கைன்னா நமக்குப் பிரியமானதத்தான குடுக்கணும்?" என்றேன். அழுகை வந்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார். அந்தக் கப்பலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பாட்டில் தண்ணீர்தானாம். கடைசி மூன்று வாரம் அரிசிக் கஞ்சி. ஏசி கிடையாது, லைட் கிடையாது. நல்லாருக்கேன் என்று என்னிடம் சொன்னது அத்தனையும் பொய்யாம்.

"நானும் பொய் சொன்னேன், நீயும் பொய் சொன்ன. சரியாப் போச்சு. பதினஞ்சாயிரம் ரூவாயில புருசன மீட்டிருக்க. மலிவுதான்."

கடிதத்தை நாலாகக் கிழித்தார். அங்கே போடாதீங்க, நகராட்சிக்காரன் அபராதம் போடுவான் என்றேன். மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். கடைக்கு முக்கால் மணி நேரம் தாமதம். சம்பளத்தில் பிடிப்பார்கள். பிடித்துக்கொள்ளட்டும்.

1 ஆகஸ்ட், வெள்ளி

பாக்கியை வசூலிக்கிற ஆள் போனில் தேன் ஒழுகப் பேசினான். ஆறாயிரம் கட்டினால் போதுமாம், மீதியைத் தள்ளிவிடுவானாம். எனக்கு உடனே கை பரபரத்தது. ஆடித் தள்ளுபடிக் கவுண்டரில் நிற்கிறவளுக்கு அறுபது சதவீதம் தள்ளுபடி என்றால் ஆசை வராதா?

டேவிட்சன் போனிலேயே கத்தினான். அப்படிக் கட்டினால் ரிப்போர்ட்டில் "சமரசம் செய்யப்பட்டது" என்று எழுதிவிடுவார்களாம். அது முழுதாகக் கட்டாத ஆள் என்று முத்திரை குத்துகிற மாதிரி. லோன் கொடுக்கிறவன் அதைப் பார்த்தால் ஓடிவிடுவானாம். முழுசாகக் கட்டி, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள் என்றான்.

முழுசாகக் கட்டிவிட்டோம். கார்டு மூட வேண்டுமா, புதுசு அனுப்பவா என்று பேங்கில் கேட்டார்களாம். புதுசு அனுப்பச் சொல்லியிருக்கிறார், எண் மாறினாலும் கணக்கு அதேதானாம். "2008 அப்படியே இருக்கும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

திருவிழா. மாதாவிடம் எதையும் நேரவில்லை. நேர்ந்த வரைக்கும் போதும்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று மறுபடி கார்டு மாநாடு.

பாக்கி ஒழிந்தாலும் ஸ்கோர் முழுசாக ஏறாதாம், டேவிட்சன் சொன்னான். இன்னொரு தப்பு எங்கள் வழக்கத்திலேயே இருக்கிறது. கப்பல்காரன் வீட்டில் எல்லோரும் செய்வதுதான். கரையில் இருக்கிற மாதங்களில் சம்பளம் கிடையாது, அரிசி முதல் ஸ்கூல் பீஸ் வரை கார்டில் தேய்ப்போம், மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவோம், கப்பல் ஏறி முதல் சம்பளம் வந்ததும் மொத்தத்தையும் அடைப்போம். தேதி தவறவில்லை என்று இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஆனால் லிமிட்டில் முக்கால்வாசி தேய்த்து வைத்திருந்தால் அதற்கும் ஸ்கோர் இறங்குமாம். முப்பது சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமாம்.

என் சீட்டுப் பணத்தை எடுத்து அடைத்தோம். இனி லோன் வரும் வரை என் சம்பளத்தில் சாப்பாடு. வாரம் ரெண்டு நாள் மீன், மற்ற நாள் துவையல். ரீனா இப்போதே முகத்தைத் தூக்குகிறாள்.

குற்றமில்லை என்றாலும் ஐந்தை மேய்க்க எங்களால் ஆகாது, லோன் வந்த பிறகு இரண்டை மூடிவிடலாம் என்று முடிவு. எந்த இரண்டு என்பதில்தான் சண்டை. பெட்ரோல் கார்டில் தகராறு இல்லை, எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். இரண்டாவது ஏர்போர்ட் கார்டு என்றேன். வருஷம் மூவாயிரத்து ஐந்நூறு கட்டணம், வாங்கிய பெட்டியின் சக்கரமும் போய்விட்டது. அவர் மட்டும் அதை மூட முடியாது என்று பிடிவாதம். காரணம் கேட்டால் பல்லைக் கடிக்கிறார். ஏசி ரூமில் ஓசிச் சாப்பாட்டு ஆசை என்று நான் சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டார்.

ரீனாதான் சொன்னாள். "யம்மா, அப்பா கப்பல் ஏறுததுக்கு முன்னால ரெண்டு மணி நேரம் நம்மகிட்ட வீடியோல பேசுவாங்கள்லா. அந்த ரூம்ல இருந்துதான். அந்தக் கார்டு இருந்தாத்தான் உள்ள விடுவான்."

இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை அப்படிப் பேசியிருக்கிறோம். பின்னால் தெரிகிற சோபா யாருடையது என்று ஒரு நாளாவது கேட்டேனா? நோட்டில் ஏர்போர்ட் கார்டை அடித்துவிட்டு, ஷாப்பிங் ஆப் கார்டு என்று எழுதினேன். அது என் செல்லம். போகட்டும்.

7 செப்டம்பர், ஞாயிறு

சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்குப் போய் நிலைமையைச் சொன்னோம். வேறொரு ஆள் ஒரு லட்சம் கூடத் தருவதாக நிற்கிறானாம். "தேதி வரைக்கும் அது உங்க வீடு தங்கச்சி. தேதிக்கு மேல நான் வியாபாரி" என்றார். போகும்போது ரீனாவுக்குக் கடலை மிட்டாய் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

12 அக்டோபர், ஞாயிறு

684.

டேவிட்சன் போன் பண்ணிச் சொன்னதும் அவர் நோட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். கப்பல் புத்தி.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. நேற்று இரவு வரை கடையில் முந்நூற்றுப் பதினாலு கார்டு தேய்த்தேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு கார்டையும் வாங்கும்போது, இது எந்த வருஷத்துக் கார்டு, யாருக்காக வாங்கினது என்று மனசு கேட்கிறது.

15 நவம்பர், சனி

709. இன்னும் பதினாறு. பதினைந்து நாள்.

பேங்க் மேனேஜர் ஒரு வழி சொன்னாராம். மனைவியையும் கூட்டாகச் சேர்த்தால் மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று. என் பெயரில் பார்த்தார்கள். ஸ்கோரே இல்லை. பூஜ்யம்கூட இல்லை. "மேடம், உங்களுக்குக் கடன் வரலாறே இல்ல" என்று பேங்கில் கம்ப்யூட்டர் பார்த்த பெண் சொன்னாள்.

இருபது வருஷம் ஊரார் கார்டைத் தேய்த்திருக்கிறேன், புருஷன் கார்டைத் தேய்த்திருக்கிறேன். என் பெயரில் ஒன்றுமே இல்லை. சிரிப்பாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வருகிற வரைக்கும்.

கிளைட்டன் இரவுச் சாப்பாட்டில் எனக்கு முள் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார். "வரலாறு இல்லன்னு பேங்க்காரன் சொல்லுதான். எனக்குத் தெரியும்ளா ஒன் வரலாறு." பிறகு என் சம்பளச் சீட்டு இருபது வருஷத்துக்கும் கேட்டார். ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறேன், பிஸ்கட் டின்னில். அத்தனையையும் மனுவோடு சேர்த்தார்.

30 நவம்பர், ஞாயிறு

பேங்கிலிருந்து பதில் இல்லை. தேதி இன்றோடு சரி.

சாயங்காலம் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். வியாபாரியாக வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கருப்பட்டிக் காப்பி குடித்தார். வேட்டி நுனியால் வாயைத் துடைத்துவிட்டு, கூடக் கொடுக்கிறேன் என்றவன் கார்டில் தேய்த்து அட்வான்ஸ் தரலாமா என்று கேட்டானாம், அப்படிப்பட்டவனை நம்பி என் வீட்டை எப்படிக் கொடுக்க என்றார். தை பிறக்கிற வரை பார்ப்போம் என்று எழுந்தார். கிளைட்டன் அவரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம், கார்டு என்ற வார்த்தையைச் சொல்லாமல்.

9 ஜனவரி 2026, வெள்ளி

நேற்று கிளம்பிவிட்டார். லோன் இன்னும் கையில் வரவில்லை. போகுமுன் எனக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தார், எங்கே எது கேட்டாலும் நான் கையெழுத்துப் போடலாம். முந்திரி மக்ரூன் நாலு பெட்டி கட்டிக் கொடுத்தேன். ரெண்டு கப்பலுக்கு, ரெண்டு வழிக்கு.

இன்று மதியம் பம்பாயிலிருந்து வீடியோ. பின்னால் அந்தச் சோபா. போனைச் சுற்றிக் காட்டுங்கள் என்றேன். சாப்பாட்டு மேசை, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே விமானம், எல்லாம் காட்டினார். ரெண்டு மணி நேரம் பேசினோம். முக்கால்வாசி சண்டைதான், கியாஸ் புக் பண்ணச் சொன்னதை மறந்துவிட்டார். வைக்கிற நேரத்தில் நீ வை, நீங்க வைங்க என்று இன்னும் பத்து நிமிஷம் ஓட்டினோம். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் அதிகமே இல்லை.

18 பிப்ரவரி, புதன்

திருநீற்றுப் புதன். காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு திரும்பினேன். ரீனா ஸ்கூலுக்குப் போய்விட்டாள். தை பிறக்குமுன் லோன் வந்து, நானே கையெழுத்துப் போட்டுக் கிரையம் முடித்துக் குடிவந்த வீடு. சமையலறை ஜன்னலுக்கு இன்னும் திரை தைக்கவில்லை, வெயில் நேரே அடுப்பில் விழுகிறது. விழட்டும்.

பெட்ரோல் கார்டையும் ஆப் கார்டையும் அவர் கப்பலிலிருந்தே மெயில் போட்டு மூடிவிட்டார். மூடியதற்கான கடிதம் ரெண்டும் வந்து, டேவிட்சன் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கத்திரிக்கோலை எடுத்தேன். பழைய கார்டுக்குப் பதிலாக வந்த புதுசு மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை பால் வாங்கித் தேய்த்து, மறுநாளே கட்டிவிடுகிறேன்.

பத்து மணிக்குக் கூரியர்க்காரப் பையன் வாசலில் நின்று பெயரைச் சத்தமாக வாசித்தான். விஜிலா கிளைட்டன், மாப்பிள்ளையூரணி, நீங்கதானா என்று கேட்டான். சின்ன டெபாசிட் போட்டு டேவிட்சன் வாங்கிக் கொடுத்த கார்டு. என் பெயரில் முதல் கார்டு. உறையை வாங்கிப் போட்ட கையெழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. பதினெட்டுத் துண்டு வாங்கின பையன் ஞாபகம்தான் வந்தது.

படம் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கப்பலிலிருந்து பதில் வந்தது.

"நல்லாருக்குளா. இந்தத் தவக்காலத்துக்குக் கத்திரிக்கோல விட்டுரு."